குடும்ப மருத்துவரிடம் வரும் ஆஸ்துமா: யாருக்கு, எப்போது, எப்படி?

தீபாவளிக்கு முந்திய வாரம். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்து, அலமாரிக்குமேல் ஓராண்டாகக் கிடந்த பெட்டிகளை இறக்கி, குளியலறையை வெளுப்புத் திரவம் ஊற்றித் தேய்த்து முடித்த ஒரு குடும்பத்தலைவி, புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் மருந்தகத்திற்குச் செல்கிறார். “மூணு நாளா ஒரே இருமல் டாக்டர், ராத்திரி தூக்கமே இல்ல. நெஞ்சில சளி கட்டியிருக்கு போல.” இருமல் மருந்து, கிருமிக்கொல்லி மாத்திரை, இரண்டு நாள் எம்சி. இதே இருமலுக்கு அவர் ஜூன் மாதம் வேறொரு மருந்தகத்திற்கும், அதற்கு முன்பு பலதுறை மருந்தகத்திற்கும் போயிருந்தார். மூன்று இடங்களிலும் மூன்று மருத்துவர்கள் ஆளுக்கு ஒரு இருமலைத்தான் பார்த்தார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்திருந்தால் ஆஸ்துமா தெரிந்திருக்கும்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான் என்றாலும் சிங்கப்பூரின் குடும்ப மருத்துவர்களுக்குப் பழக்கமானது. இங்கு முதல்நிலைப் பராமரிப்பில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் தனியார் மருந்தகங்களே கவனிக்கின்றன. எஞ்சியதைப் பலதுறை மருந்தகங்கள் கவனிக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர் முதலில் வந்து நிற்பதும், பெரும்பாலும் கடைசிவரை வந்து போவதும் இவ்விடங்களுக்குத்தான். ஆஸ்துமாவைச் சிறப்பு மருத்துவரின் நோய் என்பதைவிடப் பொது மருத்துவரின் நோய் என்பதே பொருந்தும்.

எத்தனை பேருக்கு?

சிங்கப்பூரில் சிறுவர்களில் ஐவரில் ஒருவருக்கும் பெரியவர்களில் 20 பேரில் ஒருவருக்கும் ஆஸ்துமா இருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சிறுவர்களைப் பற்றிய கணக்கு 1990களில் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்விலிருந்து வந்தது. இந்தியக் குடும்பங்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. மூன்று இனத்துப் பெரியவர்களையும் ஒப்பிட்டு 1994ல் ‘தோராக்ஸ்’ மருத்துவ இதழில் வெளிவந்த சிங்கப்பூர் ஆய்வு, சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் ஆஸ்துமா அதிகம் என்று காட்டியது. மருத்துவமனையில் சேர்வதிலும் இந்நோயால் இறப்பதிலும் அதே ஏற்றத்தாழ்வு தெரிந்தது. மரபு, ஒவ்வாமை, வருமானம், மருந்தைத் தொடர்ந்து எடுக்கும் பழக்கம் எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். எந்த ஒன்றின்மீதும் மட்டும் பழி போட முடியாது.

வயதுக்கேற்ப நோயின் முகமும் மாறுகிறது. பருவமடையும் வயதுக்கு முன் சிறுவர்களில் ஆண்பிள்ளைகளுக்கே அதிகம். பெரியவர்களில் அது தலைகீழாகிப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது. சிறு வயதில் இருந்து, பதின்ம வயதில் அடங்கி, 30 வயதுக்குமேல் திரும்ப வரும் ஆஸ்துமாவும் உண்டு. “சின்ன வயசுல இருந்துச்சு, இப்ப இல்ல” என்று சொல்லும் நோயாளியிடம் மருத்துவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்பது அதனால்தான்.

நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் அதிகம் கலங்குகிறார்கள். சளிக்காய்ச்சல் வரும்போதெல்லாம் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆஸ்துமா இல்லை. அமெரிக்காவின் டூசான் நகரில் 826 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து 1995ல் வெளியான ஆய்வில், மூன்று வயதுக்குள் விசில் சத்தத்தோடு மூச்சுவிட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு ஆறு வயதாகும்போது அது நின்றுவிட்டது. பெற்றோருக்கு ஆஸ்துமா இருந்தாலோ குழந்தைக்குத் தோல் அரிப்பு எனப்படும் எக்சிமா இருந்தாலோ தொடர்வதற்கான வாய்ப்பு கூடுகிறது.

‘சளி’ என்ற பெயரில் ஒளிந்திருப்பது

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் நாள்பட்ட அழற்சியால் வீங்கியிருக்கும். தூண்டுதல் ஏதேனும் கிடைத்தவுடன் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், கோழை சுரக்கும், வழி குறுகும். நோயாளிக்கு இது எப்போதும் மூச்சுத்திணறலாகத் தெரிவதில்லை. பலருக்கு இருமல் மட்டும்தான் வரும். இரவு இரண்டு, மூன்று மணிக்கு எழுப்பும் இருமல், சிரித்தால் வரும் இருமல், குளிர்சாதன அறைக்குள் நுழைந்தவுடன் வரும் இருமல், படியேறினால் வரும் இருமல். சளி பிடித்து எல்லாருக்கும் ஒரு வாரத்தில் சரியாகும்போது ஒருவருக்கு மட்டும் ஒரு மாதம் இருமல் நீடிப்பதும் ஓர் அடையாளம்.

எம்சிக்காகவும் அருகில் இருப்பதாலும் வெவ்வேறு மருந்தகங்களுக்குப் போகும் பழக்கம் இதைக் கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்துகிறது. மருந்தகத்தில் நெபுலைசர் முகமூடி மாட்டிப் பத்து நிமிடம் மருந்துப்புகை பிடித்ததும் மூச்சு லேசாகிவிடுகிறது. வீட்டுக்குப் போனபின் யாரும் அதைப்பற்றி யோசிப்பதில்லை. ஆண்டுக்கு மூன்றுமுறை இப்படி நெபுலைசர் வைத்துக்கொள்பவரிடம், அவருக்கு ஆஸ்துமா என்று யாரும் சொல்லியிருக்கவே மாட்டார்கள்.

உறுதிப்படுத்த ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை இருக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ஊதச் செய்து, முதல் விநாடியில் வெளியேறும் காற்று 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாத் தனியார் மருந்தகங்களிலும் இந்தக் கருவி இருக்காது. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய குழாயைக் கொடுத்து, காலையும் மாலையும் இரண்டு வாரம் ஊதிக் குறித்துவரச் சொல்வது எளிய மாற்றுவழி. ஒருநாள் நன்றாக இருந்த நுரையீரலில் மறுநாள் ஒன்றும் தெரியாமல் போகலாம் என்பதால், ஒரே ஒரு பரிசோதனை இயல்பாக இருந்தது என்பதற்காக ஆஸ்துமா இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

எப்போது கூட்டம் கூடுகிறது?

நான்கு பருவம் உள்ள நாடுகளைப்போல் இங்கு மகரந்தக் காலம் கிடையாது. என்றாலும் ஆண்டு முழுதும் ஒரே சீராகவும் இல்லை. சளிக்காய்ச்சல் கிருமிகளே ஆஸ்துமா திடீரென மோசமாவதற்கு முதற்காரணம். சிங்கப்பூரில் சளிக்காய்ச்சல் ஆண்டு நடுவிலும், ஆண்டிறுதியிலிருந்து அடுத்த ஆண்டின் தொடக்கம் வரையிலும் உச்சத்துக்குப் போகும். ஆஸ்துமாவும் அதன் பின்னாலேயே வரும்.

அடுத்தது புகைமூட்டம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரியும் காடுகளின் புகை இங்கு வந்து சேர்கிறது. 1997 புகைமூட்டத்தின்போது செய்யப்பட்ட சிங்கப்பூர் ஆய்வு, காற்றிலுள்ள நுண்துகள் அளவு ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராமிலிருந்து 150 ஆகக் கூடியபோது ஆஸ்துமாவுக்காக மருத்துவரை நாடியோர் 19 விழுக்காடு கூடியதைப் பதிவு செய்தது. 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது. 2015 செப்டம்பர் 25ஆம் தேதி தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன. அந்நாள்களில் பேசப்பட்டதெல்லாம் என்95 முகக்கவசத்தைப் பற்றித்தான். புகை வருவதற்குச் சில வாரம் முன்பிருந்தே தடுப்பு மருந்தை ஒழுங்காக எடுத்தவர்களின் மூச்சுக்குழாய் அதைத் தாங்கிக்கொள்ளும் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

மூன்றாவது, காலண்டரில் இல்லாதது: வீட்டுக்குள் இருக்கும் தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிற்றுயிர் மெத்தையிலும் தலையணையிலும் துணி நாற்காலியிலும் வாழ்ந்து, மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்கிறது. ஈரப்பதம் மிகுந்த சிங்கப்பூர் அதற்கு நல்ல வீடு. வெப்பமண்டலத்துக்குரிய ‘புளோமியா டிராப்பிகாலிஸ்’ என்ற இனம் இங்கு ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் என்று உள்ளூர் ஆய்வுகள் காட்டியுள்ளன. படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 55 பாகைக்குமேல் சுடுநீரில் துவைத்தால் பூச்சி சாகும். விலை உயர்ந்த மெத்தை உறை ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுவதால் பெரிய பலன் இல்லை. கரப்பான்பூச்சியும் பூஞ்சையும் தூசிப்பூச்சிக்குத் துணை.

இந்திய வீடுகளில் சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் ஆகியவற்றின் புகையும் சேர்ந்துகொள்கிறது. வழிபாட்டை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சன்னலைத் திறந்துவைப்பதும், இருமுகிற பிள்ளையை அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கச் செய்வதும் போதும். துப்புரவுத் திரவங்களின் நெடி பலர் சந்தேகிக்காத காரணம். குறிப்பாகத் தெளிப்பான் வகைகளும் வெளுப்புத் திரவமும் மூச்சுக்குழாயை உறுத்துபவை.

நீல இன்ஹேலர்

பொது மருத்துவரின் அறையில் ஆஸ்துமாவைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், “நீல இன்ஹேலர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தீர்ந்துபோகிறது?” என்பதைக் கேட்கலாம்.

வென்டோலின் என்ற பெயரில் எல்லாருக்கும் தெரிந்த சல்பியூட்டமால், இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. உள்ளேயிருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைப்பது உறிஞ்சும் ஸ்டீராய்டு இருக்கும் தடுப்பு இன்ஹேலர். அதன் பலன் தெரிய நாள்கள், வாரங்கள் ஆகும். உடனே சுகம் தரும் நீலத்தை நோயாளி நம்புகிறார். ஒன்றும் செய்யாததுபோல் தெரியும் மற்றது அலமாரியில் காலாவதியாகிறது. 2000ஆம் ஆண்டில் மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட எட்டு ஆசிய பசிபிக் வட்டாரங்களில் நடந்த ஆய்வில், ஆஸ்துமா உள்ளவர்களில் 13.6 விழுக்காட்டினரே உறிஞ்சும் ஸ்டீராய்டு பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். சிங்கப்பூரின் தேசிய ஆஸ்துமா திட்டம் 2001ல் தொடங்கப்பட்டபோது, தடுப்பு மருந்தின் பயன்பாட்டைக் கூட்டுவது அதன் மைய நோக்கமானது.

ஒரு நீலக் குப்பியில் 200 முறை அழுத்த மருந்து உண்டு. ஆண்டுக்கு மூன்று குப்பிக்குமேல் தேவைப்பட்டால் கடுமையான தாக்குதலுக்கான அபாயம் கூடுகிறது. ஆண்டுக்கு 12 அல்லது அதற்குமேல் என்றால் மரண அபாயம் கூடுகிறது. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2014ல் வெளியான தேசிய அறிக்கையில், எத்தனை நீல இன்ஹேலர் தரப்பட்டது என்ற விவரம் கிடைத்தவர்களில் 39 விழுக்காட்டினர் இறப்பதற்கு முந்திய ஆண்டில் 12க்கு மேல் வாங்கியிருந்தார்கள். மாதம் ஒன்று என்ற கணக்குக்கும் மேல். அவர்களுடைய மருந்தகங்களில் அந்த எண்ணிக்கை பதிவாகியிருந்தது. நோயின் தீவிரத்தைக் கணிக்க முடிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு லேசான அல்லது நடுத்தர ஆஸ்துமாதான் இருந்தது. இறந்தவர்களில் 45 விழுக்காட்டினர் மருத்துவ உதவியை நாடாமலேயே, அல்லது உதவி கிடைப்பதற்கு முன்பே இறந்தார்கள். ‘எனக்கு லேசான ஆஸ்துமாதான்’ என்ற சொல்லுக்கு அந்த அறிக்கைக்குப் பிறகு மருத்துவர்கள் முன்புபோல் மதிப்புத் தருவதில்லை.

சிங்கப்பூரில் இதை எண்ணுவது இன்னும் கடினம். ஒரு குப்பி பலதுறை மருந்தகத்தில், ஒன்று வேலையிடத்துக்குப் பக்கத்து மருந்தகத்தில், இன்னொன்று வார இறுதியில் ஜோகூர் பாருவின் மருந்துக்கடையில் என்று வாங்கினால் எந்த மருத்துவரின் திரையிலும் முழு எண்ணிக்கை தெரியாது. நோயாளி சொன்னால்தான் தெரியும்.

ஜினா எனப்படும் அனைத்துலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பு, 2019ல் தன் பரிந்துரையை மாற்றியது. பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் கொடுத்து அனுப்பக்கூடாது என்பதே அந்த மாற்றம். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், லேசான ஆஸ்துமா உள்ளவர்கள் தேவைப்படும்போது ஸ்டீராய்டும் ஃபார்மோட்டரால் என்ற விரிப்பானும் சேர்ந்த இன்ஹேலரைப் பயன்படுத்தியபோது, உடனடி நிவாரண மருந்தை மட்டும் பயன்படுத்தியவர்களைவிடக் கடுமையான தாக்குதல் 64 விழுக்காடு குறைந்தது. சிம்பிகார்ட் அந்த வகை. நிவாரணத்தையும் தடுப்பையும் ஒரே குழாயில் தருவதால், சுகம் கிடைத்ததும் தடுப்பு மருந்தை மறந்துவிடும் மனித இயல்போடு சண்டைபோட வேண்டியதில்லை.

‘ஸ்டீராய்டு’ என்ற பயம்

பெற்றோர் தடுப்பு இன்ஹேலரை மறுப்பதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லே காரணம். பயத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. சிறுவயதில் உறிஞ்சும் ஸ்டீராய்டை அன்றாடம் எடுத்தவர்கள் வளர்ந்தபின் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்ததாக 2012ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. தராசின் மறுதட்டில் இருப்பதையும் பார்க்க வேண்டும். குறைந்த அளவு தடுப்பு மருந்து நாளொன்றுக்கு மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. தடுப்பு மருந்து இல்லாமல் தாக்குதல் வந்து மருந்தகத்துக்கு ஓடும்போது கொடுக்கப்படும் பிரெட்னிசலோன் மாத்திரையும் ஸ்டீராய்டுதான். அது நாளுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து முதல் ஏழு நாள் வரை உடல் முழுதும் பரவுகிறது. வாழ்நாளில் நான்கைந்து முறை அந்த மாத்திரையை எடுத்தாலே எலும்புத் தேய்மானம், கண்புரை, நீரிழிவு ஆகியவற்றுக்கான அபாயம் கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. சிங்கப்பூரில் நீரிழிவு அதிகம் உள்ள இனங்களில் இந்தியர்களும் அடங்குவர். பிரெட்னிசலோன் எடுக்கும் வாரத்தில் சர்க்கரை அளவு எகிறுவதைப் பலர் அனுபவித்திருப்பார்கள்.

இந்தப் பயத்தைப் பயன்படுத்தி, “ஸ்டீராய்டு இல்லாத மூலிகை” என்று விற்கப்படும் பெயர் தெரியாத மாத்திரைகள் வேறு. டெக்சாமெத்தசோன் என்ற வீரியமிக்க ஸ்டீராய்டு ரகசியமாகக் கலக்கப்பட்ட இத்தகைய பொருள்களைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. வீட்டில் வைக்கும் சுக்குக் கசாயத்தைப் பற்றிய பேச்சல்ல இது.

இன்னொரு சங்கடம், மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேராதது. இன்ஹேலர் பயன்படுத்துபவர்களில் 70 முதல் 80 விழுக்காட்டினர்வரை தவறாகவே பயன்படுத்துகிறார்கள். குலுக்காமல் அழுத்துவது, அழுத்திய பிறகு மூச்சிழுக்கத் தொடங்குவது, இழுத்த மூச்சை உடனே விட்டுவிடுவது, தூள் வகை இன்ஹேலரை மெதுவாக இழுப்பது என்று தவறுகள் ஒரே மாதிரியானவை. “நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள், ஒருமுறை காட்டுங்கள்” என்று மருத்துவரோ தாதியோ கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அழுத்தும் வகைக்கு ஸ்பேசர் குழாய் சேர்ப்பது பெரியவர்களுக்கும் நல்லது. பிள்ளைகளுக்கு மட்டுமானது என்று வெட்கப்பட வேண்டியதில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண், தொண்டைக்கட்டு குறையும்.

எளிதில் தவறவிடப்படுவோர்

வேலையிடத்தில் ஆஸ்துமா பெறுபவர்கள் முதலில் சொல்லப்பட வேண்டியவர்கள். சாயம் தெளிப்போர், ஃபோம், பசை வேலை செய்வோர் சுவாசிக்கும் ஐசோசயனேட், மின்னணு ஆலைகளில் ஈயப்பற்று வைக்கும்போது எழும் புகை, மாவுத்தூசி ஆகியவை ஏற்கெனவே நோய் இல்லாதவருக்கும் அதை உண்டாக்கக்கூடியவை. ஓய்வுநாளில் இருமல் குறைந்து வேலைக்குத் திரும்பியதும் கூடுவது இதன் அடையாளம். தமிழகத்திலிருந்து வந்து கப்பல் பட்டறையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் ஊழியர், வேலை போய்விடுமோ என்று இருமலை மறைக்கக்கூடும். ஊருக்கு விடுப்பில் போனபோது சரியாக இருந்ததா என்ற கேள்விக்கு அவர் தரும் பதிலே நோயைக் காட்டிக்கொடுக்கும். வேலையால் வந்த ஆஸ்துமா, சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களில் ஒன்று. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் அதற்கு இழப்பீடும் கோரலாம். மூலகாரணத்தைவிட்டு எவ்வளவு சீக்கிரம் விலகுகிறாரோ அவ்வளவுக்குக் குணமாகும் வாய்ப்பும் கூடும்.

முதியவர்களிடம் ஆஸ்துமா, புகைப்பழக்கத்தால் வரும் நுரையீரல் அடைப்பு நோயோடும் இதயநோயோடும் கலந்து குழப்பும். கண் அழுத்தத்துக்கு ஊற்றும் டிமோலால் சொட்டுமருந்து, இரத்த அழுத்தத்துக்கான பீட்டா தடுப்பான் வகை மாத்திரை, மூட்டுவலிக்கான மாத்திரை ஆகியவை சிலருக்கு மூச்சை அடைக்கும். கண் மருத்துவர் கொடுத்த சொட்டுமருந்தைப் பற்றிக் குடும்ப மருத்துவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

கருவுற்ற பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆஸ்துமா மோசமாகிறது, ஒருவருக்குக் குறைகிறது, ஒருவருக்கு மாற்றமில்லை. குழந்தைக்கு ஆகாது என்று மாமியாரோ அம்மாவோ சொல்லி இன்ஹேலரை நிறுத்துவதே ஆபத்து. தாய்க்குக் குறையும் உயிர்வாயு குழந்தைக்கும் குறைகிறது.

தேசிய சேவைக்கு முந்திய பரிசோதனைக்குப் போகும் இளையர்கள் இன்னொரு ரகம். சிறு வயது ஆஸ்துமாவைச் சிலர் மறைக்கிறார்கள், சிலர் ஊதிப் பெரிதாக்குகிறார்கள். பழைய மருத்துவப் பதிவு கையிலிருந்தால் இரண்டு வகையினருக்கும் நல்லது. மின்சிகரெட் 2018 முதல் இங்கு சட்டவிரோதம் என்பதால், அதைப் புகைக்கும் ஆஸ்துமா இளையர் மருத்துவரிடம் அதைச் சொல்வதும் அரிது.

நான்கு கேள்விகள்

ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா என்பதைக் கடந்த நான்கு வாரத்தை வைத்து மருத்துவர்கள் கணிக்கிறார்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்குமேல் தொல்லை இருந்ததா, இரவில் ஒருமுறையேனும் அது எழுப்பியதா, நிவாரண மருந்து வாரத்துக்கு இரண்டு முறைக்குமேல் தேவைப்பட்டதா, நடை, விளையாட்டு, வேலை எதையேனும் குறைத்துக்கொள்ள நேர்ந்ததா? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் நல்ல கட்டுப்பாடு. மூன்று ‘ஆம்’ என்றால் கட்டுப்பாடே இல்லை.

செலவைப் பொறுத்தவரை, ஆஸ்துமா 2008 முதல் நாள்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருக்கிறது. சாஸ் கழிவு பொருந்தும். கட்டணத்தை மெடிசேவிலிருந்தும் ஆண்டு வரம்புக்கு உட்பட்டு எடுக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு அந்த வரம்பு கூடுதல். ஆனால் இருமலுக்காக மட்டும் போய்வரும் தனித்தனி வருகைகளுக்கு இந்தச் சலுகை கிடைக்காது. நோய்க்குப் பெயர் வைத்து, ஒரே மருந்தகத்தில் தொடர்ந்து பார்க்கும்போதுதான் கிடைக்கும். ஆண்டுதோறும் போடவேண்டிய சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

தாக்குதல் வந்தால் செய்யவேண்டியதை மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தரும் செயல்திட்டத் தாள், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் இருக்கும். அது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தைத் தொடர்ந்து பேசிமுடிக்க முடியாமை, உதடு நீலமாதல், கழுத்துத் தசையும் விலாவும் உள்ளிழுத்தல், நிவாரண மருந்து எடுத்தும் குறையாமை ஆகியவை சிவப்பு. அப்போது 995ஐ அழைத்துவிட்டு, நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக நீல மருந்தை ஒவ்வொரு முறையாக நான்கு முதல் பத்து முறைவரை கொடுக்கலாம். 20 நிமிடத்தில் உதவி வராவிட்டால் மறுபடியும் கொடுக்கலாம். விசில் சத்தம் நின்று நெஞ்சு அமைதியாகிவிட்டால் அது குணம் அல்ல. காற்றே போகவில்லை என்று பொருள்.